சிலோன் சொந்தம் வருது, எங்க கூட்டிட்டு போறது?

போன இதழ்ல எங்க சித்தி இலங்கை தலவாக்கலையில இருந்து வந்து தாத்தா ஊரைத் தேடிப் போன கதைய நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடுதாசியும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிடுச்சு. பாதிக்கு மேல, இலங்கைத் தோட்டத்துல இருந்து திரும்பி வந்து நீலகிரி, கோவை, திருச்சியில இருக்கிற நம்ம "சிலோன்காரங்க" வீட்டுல இருந்து. அதனால இந்த வாரம் வேற கேள்வியே எடுத்துக்கல. புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, எங்கம்மா 1971ல கப்பல்ல ராமேஸ்வரம் வந்து இறங்கினவங்க, கூடப் பொறந்த சித்தி அங்கயே தங்கிட்டாங்க, நான் கோத்தகிரியில பொறந்து வளர்ந்தவ. இந்த விஷயத்துல எனக்கு இருக்கிற படிப்பு அவ்வளவுதான்.

கேள்வி (கூடலூர் வாசகி): எங்க அம்மாவோட தங்கச்சி குடும்பம் ஹட்டன்ல இருந்து ஏழு பேர் வர்றாங்க. பெரியவங்களுக்கு 74 வயசு, சின்னதுக்கு 5. பன்னெண்டு நாள் இருப்பாங்க. எங்க வீட்டுக்காரர் திருப்பதியில ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும் பதினாலு ஊர் லிஸ்ட் போட்டு வெச்சிருக்கார். எனக்கு பாத்தாலே தலை சுத்துது. நீங்க எப்படி கூட்டிட்டு போனீங்க?

பதில்: அந்த லிஸ்ட்ட முதல்ல கிழிச்சுப் போடுங்க, கோவிச்சுக்கிட்டார்னா என் பேரைச் சொல்லிடுங்க. நானும் முதல் தடவை இதே தப்பைத்தான் பண்ணேன். அஞ்சு நாள்ல ஒம்போது கோயில், வேன் ஏறு இறங்கு ஏறு இறங்கு, மூணாவது நாள் சித்தப்பாவுக்கு கால் ரெண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போச்சு, ஸ்ரீரங்கம் கோபுரத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு மனுஷன் "இது போன வாரம் பாத்த கோயில் தானே புள்ள"ன்னு கேக்குறார். அவரைச் சொல்லி குத்தமில்ல.

நாம என்ன நினைக்கிறோம்னா, எப்பயாச்சும் வர்றாங்க, எல்லாத்தையும் காட்டிடணும். அவங்க எதுக்கு வர்றாங்கன்னா உங்கம்மா கையால சாப்பிட்டுட்டு, சாயங்காலம் வாசல்ல உக்காந்து, இன்னார் என்ன ஆனாங்க அன்னார் என்ன ஆனாங்கன்னு கேக்கத்தான். ஐம்பது வருஷ பாக்கி இருக்குங்க அங்க பேசுறதுக்கு. அதனால பன்னெண்டுல ஆறு நாள் வீட்டுலயே இருக்கட்டும். மீதி ஆறு நாள்ல மூணே இடம் போதும்: பாட்டன் பூட்டன் ஊரு, ராமேஸ்வரம், வழியில மதுரை. நாங்க ரெண்டாவது தடவை அப்படித்தான் செஞ்சோம். கொழும்புல இருந்து திருச்சிக்கு ஃப்ளைட்டு, நாங்க இங்க இருந்து கீழ இறங்கிப் போய் கூட்டிக்கிட்டோம், எங்க பூர்வீக ஊரு விராலிமலை பக்கம், திருச்சியில ரூம் போட்டு அங்க இருந்தே ரெண்டு நாள் போயிட்டு வந்தோம். அப்புறம் புதுக்கோட்டை, காரைக்குடி வழியா ராமேஸ்வரம், ஒரு ராத்திரி. மறுநாள் மதுரை. மதுரையில இருந்து கோத்தகிரி வர்றதுக்கு ஒரு முழு நாள் ஆகும், அதுல வேற எதையும் சொருகாதீங்க.

மாசத்தை மட்டும் பாத்துக்கோங்க. அங்க ஸ்கூல் லீவு சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டியும், ஆகஸ்ட், டிசம்பர்லயும் வரும். ஏப்ரல்ல கூட்டிட்டு வந்து திருச்சி வெயில்ல விடாதீங்க. அவங்க மலையில பொறந்து மலையில வளர்ந்தவங்க, சட்டைக்கு மேல ஸ்வெட்டர் போட்டே பழகின உடம்பு, நம்மளுக்கே கீழ இறங்கினா மூச்சு முட்டுது. கப்பல்ல வரணும்னு ஆசைப்பட்டா நாகப்பட்டினம், காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர்ல விட்டாங்க, நின்னுச்சு, மறுபடி 2024 ஆகஸ்ட்ல இருந்து ஓடுச்சு, மழைக்காலத்துல நிறுத்திடறாங்க. ஆனா ஹட்டன்ல இருந்து காங்கேசன்துறை போறதே ஒரு பெரிய பயணம், 74 வயசுக்காரங்களுக்கு ஃப்ளைட்டு தான் சரி.

இன்னொன்னு, வேன் வெளியூர் வண்டியா இருந்தா நீலகிரி ஏற இ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துல இருந்து ஹைகோர்ட் உத்தரவு. ராத்திரி பத்து மணிக்கு செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்திட்டு போன்ல சிக்னல் தேடிக்கிட்டு நின்னவ சொல்றேன், கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க.

கேள்வி (கோவை வாசகர்): எங்க தாத்தாவோட ஊர் பேரு ஒரு பழைய காகிதத்துல இங்கிலீஷ்ல இருக்கு, "திருச்சி ஜில்லா"ன்னும் இருக்கு. ஆனா திருச்சி மாவட்டத்துல அப்படி ஒரு ஊரே இல்லைங்கிறாங்க. கண்டியில இருந்து வர்ற பெரியப்பா பசங்க அந்த ஊரைப் பாத்தே ஆகணும்னு நிக்கிறாங்க. எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: ஊர் எங்கயும் போகலைங்க, ஜில்லா தான் போயிடுச்சு. அந்தக் காலத்து திருச்சி ஜில்லா ரொம்பப் பெருசு, கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் அதுக்குள்ள. 1995ல இருந்து தான் ஒவ்வொண்ணா பிரிச்சாங்க. அதே மாதிரி ராமநாதபுரம் ஜில்லான்னு இருந்தா இப்ப அது சிவகங்கையா இருக்கலாம், விருதுநகரா இருக்கலாம், 1985ல பிரிச்சது. புதுக்கோட்டை 1948 வரைக்கும் தனி சமஸ்தானம், மாவட்டம் ஆனது 1974ல. அதனால காகிதத்துல ஜில்லாவ விட்டுட்டு தாலுகா என்ன போட்டிருக்குன்னு பாருங்க, அதுதான் உருப்படியான தகவல்.

அடுத்தது ஸ்பெல்லிங். தோட்டத்து ஆபீஸ்ல கிளார்க்கு காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதினது. எங்க ஊர் பேரு அம்மாவோட குடும்ப அட்டையில ஒரு மாதிரி, சித்தப்பா வீட்டு பழைய பேப்பர்ல வேற மாதிரி, ரெண்டையும் வாய்விட்டு நாலு தரம் சத்தமா படிச்சுப் பாத்தப்புறம் தான் "அட இது பட்டியில முடியுது"ன்னு விளங்குச்சு. கண்ணால படிக்காதீங்க, வயசானவங்க முன்னாடி சத்தமா படிங்க.

அதெல்லாத்தையும் விட ஒரு வழி இருக்கு, குலசாமி. உங்க குலசாமி பேரு என்ன, எந்த மாசம் கும்பிடுவாங்க, கெடா வெட்டா பொங்கலா, பங்காளிங்க யாரு யாருன்னு கண்டியில இருக்கிற பெரியவங்ககிட்ட போன் போட்டு கேளுங்க. ஆச்சரியம் என்னன்னா நாம இங்க வந்து மறந்துட்டத அவங்க அங்க இருந்துக்கிட்டு மறக்கல. போனவங்க ஒரு பிடி மண்ணு எடுத்துட்டுப் போய் தோட்டத்துல அதே சாமிய வெச்சிருப்பாங்க, முனியாண்டி, மதுரை வீரன், அப்புறம் அங்க போய் புதுசாவும் ஒரு சாமி முளைச்சுது, ரோதமுனின்னு, டீ ஃபேக்டரி ரோதைக்கு காவல். (ரோதைன்னா சக்கரம். அந்தப் பெரிய மிஷினைப் பாத்து பயந்தவங்க அதுக்கும் ஒரு முனியைக் காவல் வெச்சாங்க, என்ன ஒரு மூளை!) எங்களுக்கு ஊர் கிடைச்சது குலசாமிய வெச்சுத்தான். விராலிமலையில ஒரு டீக்கடையில இந்தப் பேருல இந்தப் பக்கம் சாமி இருக்கான்னு கேட்டோம், கடைக்காரர் வடை எடுத்துக்கிட்டே திரும்பாம கையை மட்டும் நீட்டி, "அந்தா அந்தப் புளியமரத்து ரோட்டுல நாலு கிலோமீட்டர்"னார். ரெண்டு மாசமா நான் நெட்டுல தேடிக்கிட்டு இருந்தது.

கேள்வி (திருப்பூர் வாசகர்): போன வருஷம் மட்டக்களப்புல செட்டில் ஆன மலையக (இலங்கை மலைத் தோட்டத்து) சொந்தக்காரங்களை பூர்வீக ஊருக்குக் கூட்டிட்டு போனேன். ஊர்ல ஒருத்தரும் சரியா முகம் குடுத்துப் பேசல. ஒரு பெரியவர் நேரடியாவே "பங்கு கேக்க வந்திருக்கீங்களா"ன்னுட்டார். அவங்க முகம் சுருங்கிப்போச்சு, எனக்கும் அவமானமா இருந்துச்சு. மறுபடி கூட்டிட்டு போகவா வேண்டாமா?

பதில்: தம்பி, இத நான் போன இதழ்ல எழுதல, இப்ப எழுதுறேன். எங்களுக்கும் அதேதான் நடந்துச்சு. வேன்ல இருந்து பதினோரு பேர் இறங்கினோம், எல்லாரும் நல்ல துணி, கையில பழக்கூடை, ஒருத்தன் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே வர்றான். ஊர்க்காரங்க கண்ணுல அது எப்படித் தெரியும்னு நான் யோசிக்கவே இல்ல. ஏதோ நிலம் அளக்க வந்த கூட்டம் மாதிரி தான் தெரிஞ்சிருக்கும். நூறு நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி அண்ணன் தம்பியில ஒருத்தன் கிளம்பிப் போயிட்டான், இருந்தவன் அந்தக் காட்டை உழுது, கடன் கட்டி, பிள்ளைங்களுக்குப் பிரிச்சுக் குடுத்து, இப்ப மூணாவது தலைமுறை பட்டா வெச்சிருக்கு. திடீர்னு வந்து "நாங்களும் இந்த ஊர் தான்"னு நின்னா அவங்களுக்கு வயித்தைக் கலக்காதா? அவர் பயந்ததுல தப்பே இல்ல.

அன்னைக்கு எனக்கு உறைச்ச விஷயம் வேற. நான் தான் கூட்டிட்டு வந்தவ, நான் இந்தியாக்காரி, சித்தி தான் விருந்தாளின்னு ஒரு மிதப்புல இருந்தேன். ஒரு பாட்டி வந்து எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துட்டு, "எந்த ஊரு நீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் கோத்தகிரின்னேன், சித்தி தலவாக்கலைன்னாங்க. பாட்டி உள்ள திரும்பி, "யாரோ சிலோன்காரங்க வந்திருக்காக"ன்னு குரல் குடுத்துச்சு. ரெண்டு பேருமே! அங்க எங்களை இந்தியாக்காரன்னு சொன்னாங்க, இங்க சிலோன்காரன்னு சொல்றாங்கன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருப்பார், நான் அதக் காதுலயே வாங்கினதில்ல. சித்தி என்னைப் பாத்து சிரிச்ச சிரிப்பு இருக்கே, "இப்ப வெளங்குதா"ங்கிற மாதிரி.

அதனால மறுபடி தாராளமா போங்க, ஆனா விருந்தாளியாப் போங்க, நீங்களும் சேர்த்துத்தான். மூணு நாலு பேர் போதும். நேரா வீட்டுக்குப் போகாதீங்க, குலசாமி கோயிலுக்குப் போங்க, பூசாரியைப் பாத்து சாமி கும்பிட வந்தோம்னு சொல்லுங்க, சொல்ற மாதிரியே கும்பிடுங்க. சாமி கும்பிட வந்தவங்களை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வீடியோ வேண்டவே வேண்டாம். "எங்க தாத்தா வீடு எது, காடு எது"ன்னு வாயத் திறந்து கேட்டுடாதீங்க, அவங்களா காட்டினா பாருங்க. முடிஞ்சா பேச்சுவாக்குல, "எங்களுக்கு இங்க எதுவும் வேணாம் பெரியவரே, கும்பிட்டுட்டு போறோம்"னு ஒரு வார்த்தை போட்டு வைங்க. நாங்க ரெண்டாவது தடவை அப்படிப் போனப்ப அதே பாட்டி உள்ள கூப்பிட்டு மோர் குடுத்துச்சு. மூணாவது தரம் போனா சோறு போடும்னு நினைக்கிறேன்.

கேள்வி (பெயர் வேண்டாம், ஈரோடு): இலங்கை பாஸ்போர்ட்டுன்னா லாட்ஜ்ல ரூம் தர மாட்டாங்களா? வீட்டுல தங்க வெச்சா போலீஸ்ல சொல்லணுமா?

பதில்: சொல்லணும். லாட்ஜோ வீடோ, வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்க வந்து தங்கினா தங்க வெச்சவங்க 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல தெரிவிக்கணும், சி ஃபாரம்னு ஜனங்க சொல்றது அதத்தான். பாஸ்போர்ட், விசா போட்டோ எடுத்து ஏத்தணும். சொந்த சித்தியை தங்க வெக்க ஃபாரமான்னு எனக்கும் எரிச்சலா தான் இருந்துச்சு, ஆனா திரும்பிப் போறப்ப ஏர்போர்ட்ல வம்பு வேண்டாம் பாருங்க. விசா அவங்களே இ-விசா போட்டுக்கலாம்.

லாட்ஜ் விஷயம் உண்மைதான். ஒரு ஊர்ல, பேர் வேண்டாம், முன்பணம் கட்டி புக் பண்ணி ராத்திரி ஒம்பதரைக்குப் போய் நின்னா, பாஸ்போர்ட் அட்டையைப் பாத்த உடனே "ரூம் இல்ல மேடம்". பின்னாடி சாவி மாட்டுற பலகையில பத்து சாவி தொங்குது. அந்த ஃபாரம் வேலைக்கு சோம்பல்பட்டு சொல்றதுதான், சட்டப்படி மறுக்க ஒண்ணும் இல்ல. புக் பண்ணும்போதே போன் போட்டு "இலங்கை பாஸ்போர்ட் நாலு, இ-விசா இருக்கு, ரூம் உண்டா இல்லையா"ன்னு கேட்டு, பதிலை மெசேஜ்ல வாங்கி வெச்சுக்கோங்க.

ஒரு லாபமும் இருக்கு. மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறை இடத்துல வெளிநாட்டுக்காரங்களுக்கு 600 ரூபா டிக்கெட், நமக்கு 40. சார்க் (தெற்காசிய) நாட்டுக்காரங்களுக்கு நம்ம ரேட்டு தான், இலங்கையும் அதுல உண்டு. கவுன்டர்ல பாஸ்போர்ட்ட காட்டிக் கேளுங்க, கேக்காம விட்டா போச்சு.

கேள்வி (குன்னூர் வாசகி): செலவை யார் பாக்கறது? அவங்க குடுக்க வந்தா வாங்கவும் கூச்சமா இருக்கு, எல்லாத்தையும் நாமளே பண்ணவும் முடியல. என் கணவருக்கு டேன்டீ (அரசு தேயிலைத் தோட்டக் கழகம்) பென்ஷன் தான்.

பதில்: இதக் கேக்க தைரியம் வேணும், நல்லா கேட்டீங்க. கணக்கைப் பாருங்க, நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க காசு மூணு ரூபாய்க்கு மேல குடுக்கணும். தோட்டத்துல நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆனதே 2021ல தான், அதுக்கு எத்தனை வருஷப் போராட்டம், அந்த ஆயிரம் இன்னைய ரேட்டுல நம்ம காசுக்கு முந்நூறு கூட வராது. அதுக்கு அடுத்த வருஷமே அங்க நாடே கவுந்துச்சு, கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசை. அதுக்கப்புறமும் டிக்கெட்டுக்கு சேத்து வெச்சு வர்றாங்கன்னா அவங்க செலவை ஏற்கனவே பண்ணிட்டாங்கன்னு தான் நான் எடுத்துக்கிட்டேன்.

அதுக்காக நீங்க கடன் வாங்காதீங்க. வர்றதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிடுங்க, வேனும் சாப்பாடும் நாங்க, ரூம் வாடகை நீங்க, அப்படின்னு ஏதாவது ஒண்ணு. சொல்லாம விட்டாத்தான் ஹோட்டல் பில்லு வந்ததும் ரெண்டு பேரும் பர்ஸை இழுத்துக்கிட்டு சண்டை போடற மாதிரி நடிக்க வேண்டி வரும். துணிக்கடைக்கு கூட்டிட்டு போற அன்னைக்கு மட்டும் நீங்க கடை வாசல்லயே உக்காந்துக்கோங்க, கூடப் போனா அவங்க எடுக்க நினைச்ச சேலையை எடுக்க மாட்டாங்க, விலை குறைஞ்சதா எடுத்துட்டு "இதுவே போதும்"பாங்க.

கேள்வி (சென்னை வாசகி): எங்க பசங்க பத்தாவது, பிளஸ் டூ. மஸ்கெலியாவில இருந்து வர்ற அத்தை பசங்களும் அதே வயசு. தனுஷ்கோடி, மண்டபம்னா "அங்க என்ன இருக்கு, மணலு தானே"ங்கிறாங்க. கூட்டிட்டு போறதுல அர்த்தம் இருக்கா?

பதில்: மணல் தாங்க இருக்கு. ஆனா அந்த மணல்ல நின்னுக்கிட்டு சொன்னா ஏறும், வீட்டு சோபாவுல சொன்னா ஏறாது. அரிச்சல்முனை வரைக்கும் இப்ப ரோடு இருக்கு, 2017ல போட்டது. கடைசியில நின்னு கடலைப் பாத்து கையை நீட்டி, அந்தப் பக்கம் தலைமன்னார்னு சொல்லுங்க. 1914ல இருந்து இங்க வரைக்கும் ரயில், அப்புறம் கப்பல், அந்தாண்ட மறுபடி ரயில், போட் மெயில்னு பேரு. 1964 டிசம்பர் புயல்ல ரயிலோட ஊரே போச்சு.

ஆனா நம்ம ஆளுங்க போக ஆரம்பிச்சது ரயிலுக்கும் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடி. 1820கள்ல காப்பித் தோட்டத்துக்கு, தோணியில மன்னார் போய் இறங்கி, அங்க இருந்து காட்டுக்குள்ள மாத்தளை வரைக்கும் நடை. வழியில காலராவுலயும் காய்ச்சல்லயும் செத்தவங்களை அப்படியே விட்டுட்டு மத்தவங்க நடந்தாங்க. தாது வருஷப் பஞ்சத்துல, 1876ல இருந்து 78 வரைக்கும், ஊர் ஊரா காலி பண்ணிட்டு கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேக்குற மேஸ்திரி) பின்னாடி போனாங்க. காப்பி நோயில அழிஞ்சு தேயிலை வந்துச்சு. 2023ல மலையகம் 200ன்னு சொல்லி அந்தத் தலைமன்னார், மாத்தளை வழியில மறுபடி நடந்தாங்க பாருங்க, அந்த போட்டோவெல்லாம் பசங்களுக்குக் காட்டுங்க.

அப்புறம் அடுத்த கதை. 1948ல அங்க சட்டம் போட்டு நம்ம ஆளுங்க குடியுரிமையைப் பறிச்சாங்க. 1964 அக்டோபர் 30ல ரெண்டு நாடும் உக்காந்து சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க. 9,75,000 பேரு, அதுல 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 அங்க, மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டு 1974ல பாதிப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. மாட்டுச்சந்தையில கூட மாட்டோட பல்லைப் பாத்துத்தான் பிரிப்பாங்க. ஒரே வீட்டுல அக்காவுக்கு இந்தியா வந்துச்சு, தங்கச்சி புருஷன் சிலோன் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார், அவ்வளவுதான் எங்கம்மாவும் சித்தியும் ரெண்டு நாட்டுக்காரங்க ஆயிட்டாங்க. அங்க மிச்சம் இருந்தவங்க பலர் எந்த நாடும் இல்லாம கிடந்து, 2003ல ஒரு சட்டம் வந்துதான் தீந்துச்சு.

மண்டபம் கேம்ப்புக்கு வெளியே வண்டிய நிறுத்துங்க, உள்ள இப்பவும் அகதிகள் முகாம், அனுமதி இல்லாம விட மாட்டாங்க, எட்டிப் பாக்கவும் வேண்டாம், அங்க இருக்கிறவங்க காட்சிப் பொருள் இல்ல. தோட்டத்துக்குப் போனவங்களை முன்னாடி நிறுத்தி வெச்சு, மருந்து தெளிச்சு, ஊசி போட்டு அனுப்பினதும் அங்கதான், எங்கம்மா மாதிரி திரும்பி வந்தவங்க தங்கினதும் அங்கதான். போறவன் கழுத்துல தோட்டத்து நம்பர் குத்தின தகர வில்லை ஒண்ணு தொங்கும், அதுதான் அவன் டிக்கெட்டு. எங்க பொண்ணு அதக் கேட்டுட்டு ஒண்ணுமே சொல்லல, காலேஜ் ஐடி கார்டை கழுத்துல இருந்து கழட்டி பேக்ல போட்டுக்கிட்டா. சித்தி பேரன் பாம்பன் பாலத்தை ரீல்ஸ் எடுத்துக்கிட்டு இருந்தான். ரெண்டும் நடக்கும்.

கேள்வி (வால்பாறை வாசகர்): சாப்பாடு ஒத்துக்குமா அவங்களுக்கு? மசாலா தோசை, பிரியாணின்னு வாங்கிக் குடுத்தா தொடவே மாட்டேங்கிறாங்க.

பதில்: மூணு நாள் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டா நீங்களே தொட மாட்டீங்க. கோதுமை மாவுல தேங்கா போட்டு தடியா ரொட்டி சுட்டு, காஞ்ச மிளகாயும் வெங்காயமும் இடிச்ச கட்டச் சம்பல் வெச்சுக் குடுங்க, நாலு ரொட்டி இறங்கும். நம்ம வீட்டுலயும் அது இன்னும் இருக்கும், விருந்தாளிக்கு எப்படி அதப் போடறதுன்னு ஒளிச்சு வெச்சிருப்போம். டீயை மட்டும் வாதம் பண்ணாதீங்க. நம்ம தூளைப் போட்டு பாலு ஊத்திக் குடுத்தா ஒரு வாய் குடிச்சுட்டு "நல்லா இருக்கு"ம்பாங்க, அப்புறம் பெட்டியில இருந்து அவங்க தேயிலைத் தூள் பொட்டலத்தை எடுத்துடுவாங்க. பொட்டலத்தை எடுத்தாங்கன்னா அன்னையில இருந்து வீட்டு ஆளா ஆயிட்டாங்கன்னு வெச்சுக்கோங்க.

கேள்வி (ஹட்டன் வாசகி): உங்கள் பத்திரிகையை எங்கள் மகன் போனில் எடுத்துக் காட்டினான். அம்மாவுக்கு 78 வயது. ஒப்பாரிக் கோச்சியில் ஏற்றிவிட்ட அக்காவை முதல் தடவையாகப் பார்க்க வருகிறோம். பெரியம்மா நீலகிரியில். அம்மா ஊர் குலசாமி கோயிலில் இருந்து பிடிமண் எடுத்துவந்து தோட்டத்துக் கோயிலில் போட வேண்டும் என்கிறார். கொண்டுவர விடுவார்களா?

பதில்: உங்க கடுதாசிய எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், ஒப்பாரிக் கோச்சிங்கிற வார்த்தையில கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிட்டாங்க. மலையில இருந்து தலைமன்னாருக்கு வர்ற அந்த ரயில்ல ஏறினவங்களும் அழுவாங்க, பிளாட்ஃபாரத்துல நின்னவங்களும் அழுவாங்க, ரயில் பேரே அப்படி ஆகிப்போச்சு. அம்மாவும் பெரியம்மாவும் முதல்ல பாத்துக்கறப்ப யாரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்க வேண்டாம்னு மகன்கிட்ட சொல்லி வைங்க. எங்க வீட்டுல ரெண்டு கெழவியும் கட்டிப்பிடிச்சு அழுவாங்கன்னு நாங்க எல்லாம் கண்ணைத் தொடைக்கத் தயாரா நின்னோம், எங்கம்மா சித்தியைப் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி "என் பித்தளைக் குத்துவிளக்க நீதானே எடுத்துக்கிட்ட?". அம்பது வருஷம் கழிச்சு! அழுகை ராத்திரி தான் வந்துச்சு, விளக்கை அணைச்சப்புறம்.

வர்றப்ப பழைய போட்டோ, தோட்டத்துப் பேரு, டிவிசன் பேரு, பக்கத்து லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) இருந்தவங்க பேரு எல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வாங்க. கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருக்கிறவங்க உங்களைத் தேடி வருவாங்க, "எங்க மேட்டு லயம் இன்னும் இருக்கா, பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்துல ஒரு பலாமரம் நின்னுச்சே"ன்னு கேப்பாங்க. (பிள்ளைக்காம்பரான்னா வேலைக்குப் போறவங்க குழந்தைங்களைப் பாத்துக்கிற இடம்.) முடிஞ்சா போன்ல தோட்டத்தை வீடியோ எடுத்துட்டு வாங்க, பூந்தோட்டம் பங்களா எல்லாம் வேண்டாம், லயத்தையும், தண்ணி பிடிக்கிற பீலிக்கரையையும் எடுங்க.

பிடிமண் விஷயம், மனசுக்குக் கஷ்டமா இருந்தாலும் சொல்லிடறேன். மண்ணையும் செடியையும் அனுமதி இல்லாம நாடு விட்டு நாடு கொண்டு போக விட மாட்டாங்க, பயிருக்கு நோய் பரவும்னு. ஏர்போர்ட்ல பிடிச்சா கொட்டிடுவாங்க. உங்க பூட்டன் மடியில முடிஞ்சுக்கிட்டு தோணி ஏறினப்ப கேக்க ஆள் இல்ல, இப்ப இருக்கு. சித்தியும் இதுக்குத்தான் ரெண்டு நாள் சாப்பிடாம உக்காந்திருந்தாங்க. பூசாரி தான் கடைசியில யோசனை சொன்னார், மண்ணு வேணாம், இந்தக் கோயில் திருநீறையும், சாமி முன்னாடி ஏத்தின அகல் விளக்கு ஒண்ணையும் எடுத்துட்டுப் போங்க, அதுவும் இந்த ஊரு மண்ணுல சுட்டதுதானேன்னு. சித்தி அதை ஸ்வெட்டருக்குள்ள சுத்தி கைப்பையில வெச்சுக்கிட்டாங்க, யாரும் ஒண்ணும் கேக்கல. வழியிலயே எங்கயோ விரிசல் விட்டுடுச்சாம். எண்ணெய் ஊத்தினா கசியுதுன்னு அடியில ஒரு எவர்சில்வர் தட்டு வெச்சு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஏத்துறாங்க.